ஆப்பிள் மரத்துக்கு வந்த மாப்பிள்ளை

பூத்துக் குலுங்கிய ஆப்பிள் மரம் ஒன்று நகரப் பேருந்தில் ஏறி, சன்னலோர இருக்கையைப் பிடித்து, ஒரு படைத் தேனீக்களை டிக்கெட் எடுக்காமல் கூட்டிக்கொண்டு, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெண் பார்க்க வந்தது; வழியில் மறித்த டிக்கெட் பரிசோதகரை மீட்டர்காரர் ஒரே சொல்லால் ஓடும் வண்டியிலிருந்து குதிக்க வைத்தார். மச்சான் பரப்பிய கதை இது.

கேட்டவர்கள் மரம் பேருந்தில் ஏறியதை நம்பினார்கள். தேனீக்களையும் நம்பினார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது மரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது என்று மச்சான் சேர்த்துக்கொண்டார். அதையும் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தார்கள். மீட்டர்காரர் வாயைத் திறந்தார் என்ற இடத்தில்தான் எல்லோருக்கும் தொண்டையில் அடைத்தது. ஆனால் மச்சான் சொல்லும் அழகில் அதுவும் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. கடைசிவரை நம்பாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அவர் மீட்டர்காரர்.

மீட்டர் என்றால் தண்ணீர் மீட்டர். வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் குனிந்து, கண்ணாடிக்குள் ஓடும் எண்ணைப் பார்த்துச் சொன்னவர். பார்க்காத எண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. மூடி துருப்பிடித்திருக்கும், குழியில் மழைத் தண்ணீர் நிற்கும், வீட்டு நாய் பல்லைக் காட்டும். எதுவானாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். அவரைத் துரத்திய நாய்களை வரிசையாக நிற்கவைத்தால் வால் இந்த ஊரிலும் மூக்கு அடுத்த நாட்டிலும் இருக்கும் என்பது மச்சானின் மதிப்பீடு.

மச்சான் என்பது மீட்டர்காரர் மனைவியின் அண்ணன். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்ட பிறகு கைகளுக்கு வேலையில்லாததால் வாய்க்கு இரட்டை வேலை கொடுத்திருந்தார்.

போன இலையுதிர்காலத்தில் மீட்டர்காரரின் நெஞ்சைத் திறந்து உள்ளே இருந்த குழாய்களைச் சரிசெய்தார்கள். சரியாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கியவர் மாதிரி, எதையோ அந்த ஆஸ்பத்திரி மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தேடிப்போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. வலி கிடையாது, வருத்தம் கிடையாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருக்கும். ஆனால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்கும். அவருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அந்த ஊசிதான், நாள் முழுக்க.

அவரிடம் மிஞ்சியிருந்த சொல் ஒன்றே ஒன்று. சரி.

காப்பி வேண்டுமா, சரி. காப்பி வேண்டாமா, சரி. சன்னலைத் திறக்கட்டுமா, சரி. மூடட்டுமா, அதற்கும் சரி. அந்தக் குளிர்காலத்தில் அவர் சொன்ன சரிகளை அடுக்கியிருந்தால் வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்பியிருக்கலாம். பெரிய பள்ளி ஒன்றின் சமையலறையை ஒற்றை அதட்டலில் நடத்திய அவர் மனைவிக்கு, இந்த ஒரு சொல்லை மட்டும் அதட்டி அடக்கத் தெரியவில்லை.

விஷயம் காப்பியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்களுடைய மகள் தன் அடுக்குமாடிக் கட்டடத்தில் பக்கத்து வீடு காலியாகிறது என்று சொல்லியிருந்தாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஆஸ்பத்திரி எதிரிலேயே. பழைய வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும். மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும். மனைவிக்குத் தனியாக முடிவெடுக்க மனமில்லை. தோட்டத்து மூன்று மரங்களையும் நட்டவர் அவர். போகலாம் என்றாலும் இருக்கலாம் என்றாலும் அவர் வாயால் வரவேண்டும்.

"போலாமாங்க?"

"சரி."

"இல்ல, இங்கேயே இருந்துடலாமா?"

"சரி."

"எதுக்குங்க சரி? போறதுக்கா, இருக்கறதுக்கா?"

மீட்டர்காரர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுக்கும்" என்றார்.

தோட்டம் பெரிதொன்றுமில்லை. வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு பிளம், ஒரு பேரி, மூலையில் ஓர் ஆப்பிள். மச்சானைக் கேட்டால் காடு என்பார். ஆனால் வசந்தத்தில் அந்த மூன்றும் சேர்ந்து செய்யும் அமர்க்களத்துக்குக் காடு என்ற சொல்லும் போதாது. முதலில் பிளம், இலை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு வெடித்துவிடும். அது உதிரத் தொடங்கும்போது பேரி. பேரி முடியும் நேரத்தில் ஆப்பிள், மொட்டில் சிவப்பும் மலர்ந்தால் வெள்ளையுமாக, தாமதமாக வந்தாலும் உடுத்திக்கொண்டு வருகிற உறவுக்காரி மாதிரி.

ஒவ்வொரு வசந்தத்திலும் மீட்டர்காரர் காலையில் எழுந்ததும் மனைவியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வருவார். "இன்னிக்கு என்ன வெள்ளை?" என்று கேட்பார். வெறும் வெள்ளை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சோப்பு நுரை வெள்ளை, பழைய பல் வெள்ளை, கோபத்தில் வெளுத்த முகத்து வெள்ளை என்று ஏதாவது சொன்னால்தான் காப்பி குடிக்க விடுவார். ஒருமுறை அவள் எரிச்சலில் "உங்க பனியன் வெள்ளை" என்றாள். அப்படியானால் பூ எப்போதோ பழுப்பாகிவிட்டது என்று அர்த்தம், என்று சொல்லிவிட்டுத் தெருவே கேட்கச் சிரித்தார்.

இந்த வசந்தத்தில் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"பாருங்க, பிளம் பூத்திருக்கு. என்ன வெள்ளை?"

அவர் பார்த்தார். மரம் இருந்தது. அதன்மேல் பூ இருந்தது. "வெள்ளைதான்" என்றார்.

"அதான், என்ன வெள்ளை?"

"வெள்ளை வெள்ளை."

அவள் கொடியிலிருந்த மேசைத்துணியை எடுத்து உதறினாள். துணியில் உதறுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இருந்தாலும் வெகுநேரம் உதறினாள். அவள் கண்கள் கலங்கியிருந்ததை அவர் கவனித்தார். கவனித்தார், அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கூரையில் ஈரம் இருப்பதைக் கவனிப்பதுபோல.

பேரியும் பூத்து முடிந்தது. ஆப்பிள் மொட்டு வெடிக்கத் தொடங்கிய நாளில் மச்சான் வந்தார். வந்ததும் நேரே மூலைக்குப் போய், மரத்தை அண்ணாந்து பார்த்து, சுவருக்கு மேலே பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு ஆப்பிள் மரம் எங்க?"

"குளிர்ல வெட்டிட்டாங்க அண்ணே, ரெண்டாவது காரை நிறுத்த இடம் வேணுமாம்" என்றாள் தங்கை.

"அப்ப உங்க மரம் யாருக்காக இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டு நிக்குது? மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா?"

ஆப்பிளின் சங்கதி அப்படி. தன் பூவின் மகரந்தம் தனக்கே உதவாது. வேறு சாதி ஆப்பிள் ஒன்று பக்கத்தில் அதே சமயம் பூத்திருந்து, தேனீ இரண்டுக்கும் நடுவே போய்வந்தால்தான் காய் பிடிக்கும். இல்லையென்றால் எல்லாப் பூவும் வெறுமனே கொட்டிப்போகும்.

"காய்க்காட்டிப் போகட்டும். அடுத்த வருஷம் நாங்க இங்க இருக்கோமோ இல்லையோ."

"போறதா முடிவாயிடுச்சா?"

"அவரைக் கேளு."

மச்சான் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை?"

"சரி" என்றார் மீட்டர்காரர்.

மச்சான் மரத்தடியில் இங்குமங்கும் நடந்துவிட்டுப் பிறகு சொன்னார்: "பணிமனைக்குப் பின்னாடி ஒரு ஆப்பிள் மரம் நிக்குது. நான் கடிச்சுப்போட்ட பழத்துலேர்ந்து முளைச்சது. இப்பதான் பூத்திருக்கு. ரெண்டு கிளையை வெட்டி, வாளித் தண்ணில போட்டு, இந்த மரத்துக்கு நடுவுல தொங்கவிட்டாப் போதும். மிச்சத்தைத் தேனீ பாத்துக்கும். எனக்கு ஒரு கை உதவி வேணும். மாப்பிள்ளை, வர்றீங்களா?"

வேறென்ன சொல்லப்போகிறார்.

பணிமனைக்குப் பின்னால் மரம் இருந்தது உண்மைதான். அது மச்சான் கடித்த பழம்தானா என்பதை அந்தப் பழம்தான் சொல்லவேண்டும். புதிதாக வந்த உயரமான பேருந்து ஒன்று பின்னால் வரும்போது இடித்து, பெரிய கிளையொன்று முறிந்து பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்தது அதற்கே தெரியாததுபோல் நுனிவரை பூத்திருந்தது. காவல்காரர், "எடுத்துக்கிட்டுப் போங்க, இல்லாட்டி நாளைக்கு அடுப்புக்குத்தான் போகும்" என்றார்.

இரண்டு குச்சி போதும் என்று சொல்லி வந்தவர் மச்சான். ஆனால் எதையும் சின்னதாகச் செய்யும் உடம்பு அவருக்கு இல்லை. ரம்பத்தை வாங்கிக் கிளையை அப்படியே அறுத்து இறக்கினார். வண்டி கழுவும் ஆரஞ்சு நிற வாளியில் அதை நிறுத்தினார்கள். நின்றபோது அது கிளையாக இல்லை, மரமாகவே இருந்தது. காலைக் குளிரில் பறக்கச் சோம்பல்பட்ட தேனீக்கள் சில பூக்களுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன.

"மச்சான், இதை எப்படிக் கொண்டுபோறது?"

"எப்படி வந்தோமோ அப்படித்தான்."

வந்த பேருந்தை ஓட்டியவன் மச்சானிடம் வேலை கற்றவன். கதவைத் திறந்தவன் மரத்தைப் பார்த்துவிட்டுக் கதவை மறுபடி மூடப்போனான்.

"சார், இதையெல்லாம் ஏத்தக்கூடாது சார்."

"எதை?"

"மரத்தை சார்."

"யாருடா மரம்? இது பூங்கொத்து. உன் கல்யாணத்துக்கு நான் கொடுக்கல?"

"அது கைக்குள்ள இருந்துச்சு சார்."

"இதுவும் கைக்குள்ளதான் இருக்கு, நாலு கை வேணும், அவ்வளவுதான். நகரு."

பேருந்துக்குள் குழந்தை வண்டிகளை நிறுத்தும் இடத்தில் வாளியை வைத்தார்கள். கிளை கூரையில் முட்டி வளைந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மீட்டர்காரரை முழுசாக மூடிக்கொண்டது. வாளி தளும்பி அவருடைய ஒரு ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியது. குளிராக இருக்கிறது என்ற தகவல் வந்து சேர்ந்தது. காலை நகர்த்தத் தோன்றவில்லை.

ஒவ்வொரு திருப்பத்திலும் இதழ்கள் உதிர்ந்து யார் யார் மடியிலோ விழுந்தன. இரவு வேலை முடித்து வந்த நர்ஸம்மா ஒருத்தி கண் விழித்து, தலைக்கு மேலே பூ தொங்குவதைப் பார்த்து, இது கனவுதான் என்று முடிவுகட்டி மறுபடி தூங்கிப்போனாள். வண்டிக்குள் வெயில் பட்டுச் சூடேறியதும் தேனீக்கள் சுறுசுறுப்பாயின. முன்னால் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் இன்னும் பின்னால் போனார்கள். மச்சான்கூட எழுந்து நின்றுகொண்டார். அசையாமல் இருந்தது மீட்டர்காரர் மட்டும்தான். அதைத் தைரியம் என்று மச்சான் பிறகு ஊரெல்லாம் சொன்னார். தைரியம் என்று ஒன்றும் இல்லை. பயம் வர ஓர் ஆள் உள்ளே இருக்கவேண்டும்.

அவர் மூக்குக்கு நேரே ஒரு பூவில் ஒரு தேனீ இறங்கியது. ஓடும் பேருந்துக்குள் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியவே இல்லை. தலையை உள்ளே விட்டு, பின்னங்கால்களில் மஞ்சளை அப்பிக்கொண்டு, வெளியே வந்து, அடுத்த பூவுக்கு நடந்தது. வேலை செய்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். குழிக்குள் குனிந்து எண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்த நிறுத்தத்தில்தான் பரிசோதகர் ஏறினார்.

"இது என்ன?"

"பூ" என்றார் மச்சான்.

"பூ தெரியுது. அதுக்குப் பின்னாடி இருக்கற மரம்?"

"அது பூவோட காம்பு."

பரிசோதகர் மச்சானை உற்றுப் பார்த்தார். "உங்களை எனக்குத் தெரியும் சார். ஒருதடவை வண்டி லேட்டானதுக்கு, திமிங்கிலம் குறுக்க வந்துடுச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"அது..."

"கடலே இல்லாத ஊர்ல."

மச்சான் விடவில்லை. இது ஆஸ்பத்திரிக்குப் போகிற மருந்து மரம் என்றார். கல்யாண அலங்காரம் என்றார். இரண்டும் எடுபடாததால், ஆஸ்பத்திரியில் நடக்கும் கல்யாணம் என்றார். பரிசோதகர் கையை நீட்டிக் கதவைக் காட்டினார். "பூச்சி வேற சுத்துது. யாரையாவது கொட்டினா யார் பதில் சொல்றது? அடுத்த ஸ்டாப்ல இறக்கிடுங்க. அங்க குப்பைத்தொட்டி இருக்கு."

பேருந்தே மச்சானைப் பார்த்தது. மச்சானின் தோள் இறங்கியது. "சரி சார்" என்றார். "இறக்கிடறோம்."

பரிசோதகர் உதவி செய்கிற எண்ணத்தில் கிளையைப் பற்றி இழுத்தார். சிறு குச்சியொன்று சடக்கென்று ஒடிந்தது. அதிலிருந்த பூக்களோடு அந்தத் தேனீயும் தரையில் விழுந்தது.

"முடியாது."

சத்தமாக இல்லை. ஆனால் வண்டியில் அந்த நேரம் வேறு சத்தமே இல்லாததால் கடைசி இருக்கைவரை கேட்டது.

"யாரு?" என்றார் பரிசோதகர்.

பூவுக்குள்ளிருந்து மறுபடி வந்தது. "முடியாது. இறக்க முடியாது. கையை எடுங்க."

காரணம் எதுவும் இல்லை. சண்டைக்காரக் குரலும் இல்லை. மீட்டரில் என்ன எண் என்று கேட்டால் சொல்வதுபோல் இருந்தது. பரிசோதகர் கிளைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தார். ஒரு வயதான முகம், கன்னத்தில் ஒரு தேனீ நடந்துபோகிறது, கண் இமைக்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

மச்சான் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, என்ன சொன்னீங்க?"

மீட்டர்காரர் இலைகளை விலக்கிப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

தெருமுனையில் இறங்கி இரண்டு பேரும் கிளையைச் சுமந்து வந்தபோது, மனைவி கைநிறையச் சோப்போடு வாசலுக்கு ஓடிவந்தாள். அவ்வளவு பெரிய மரம் தானாக நடந்து வருவதுபோல் இருந்தது. கீழே நான்கு கால்கள். ஏணியைச் சாத்தி, வாளியை ஆப்பிள் மரத்தின் நடுவே கட்டித் தொங்கவிட்டார்கள். வெயில் ஏறியதும் எங்கிருந்தோ தேனீக்கள் வந்து சேர்ந்து, இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குப் போய்வரத் தொடங்கின. மச்சான் வாசலில் நின்று கதையைத் தொடங்கினார். தெருவே கூடியது. மரத்தை வெட்டிய பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து, வாயைத் திறந்தபடி நின்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொன்னீங்களா?"

"மச்சான் சொல்றாரே."

"எங்கண்ணன் திமிங்கிலம் பாத்தவர். நான் உங்களைக் கேக்கறேன்."

"தெரியல."

"என்னங்க இது, உங்க வாய்லேர்ந்து வந்துச்சா, வரலையா?"

அவர் யோசித்தார். குரல் ஒன்று கேட்டது உண்மை. அது பின் இருக்கையிலிருந்து வந்ததுபோலத்தான் அவருக்கு இருந்தது. "பக்கத்துல யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா. பதில் கேப்பா. நான் மறுபடி உங்களைக் கேக்கமாட்டேன். அவ கேக்கறப்ப நீங்க சரின்னு சொன்னா, சரின்னே முடிச்சுடுவேன். அப்புறம் வீட்டைக் காலி பண்ற வேலைதான்."

"சரி."

"அய்யோ" என்றாள் அவள், சட்டையிடம்.

அதற்கடுத்த நாட்களில் மீட்டர்காரர் நாற்காலியைத் தோட்டத்தில் போட்டு உட்கார்ந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். பூ இருந்தது. தேனீ வந்தது. இதழ் உதிர்ந்து காப்பிக் கோப்பையில் மிதந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குடித்தார். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் குழாயைப் பார்த்து, சன்னமாக, "முடியாது" என்று சொல்லிப் பார்த்தார். அந்நியன் ஒருவன் பேசுவதுபோல் இருந்தது. குழாயும் மதித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். திரைச்சீலைக்குத் துணி மாதிரிகள் கொண்டுவந்திருந்தாள், நீலமும் பழுப்பும். நல்ல பெண். அப்பாவுக்கு ஒன்று என்றால் பக்கத்திலேயே இருக்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை. ஆப்பிள் மரத்தடியில் மேசை போட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மச்சான் கூப்பிடாமலே வந்திருந்தார். மகளுக்காகக் கதையை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை தேனீக்கள் ஆயிரமாகியிருந்தன. பரிசோதகர் குதித்த இடத்தில் ஒரு குளமும் வந்திருந்தது.

"அப்பவே உங்கப்பா சிங்கம் மாதிரி..."

"போதும் மாமா" என்று சிரித்தாள் மகள். பிறகு தட்டை ஒதுக்கிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, அந்த வீட்ல சன்னல்கிட்ட உங்க நாற்காலி சரியா பொருந்தும், அளந்து பாத்தேன். கீழ ரோடு தெரியும். வந்துடறீங்கதானே?"

மனைவி பார்க்கவில்லை. ரொட்டித் துண்டை விரலால் நசுக்கி உருட்டிக்கொண்டிருந்தாள்.

சரி என்ற சொல் வழக்கமான இடத்தில், நாக்கின் நுனியில், தயாராக நின்றது. மீட்டர்காரர் அதைச் சொல்லத்தான் போனார். ஆனால் இவ்வளவு நாளாக ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. உறுத்தல் என்றுகூட இல்லை, கணக்கு உதைத்தது. தண்ணீர் மீட்டரில் எண்களுக்குக் கீழே பொடிச் சக்கரம் ஒன்று உண்டு, சிவப்பில். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டாலும், உள்ளே எங்கோ ஒரு சொட்டு நகர்ந்தால் போதும், அது அசையும். எங்கள் வீட்டில் எதுவும் ஓடவில்லை என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். குழாய்களைத் திருகிக் காட்டுவார்கள். அவர் வாதாடமாட்டார். சக்கரம் சுற்றுகிறதே என்று மட்டும் சொல்வார்.

அன்று பேருந்தில் எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது. அவரே திருகிப் பார்த்திருக்கிறார். இப்போதும் மூடித்தான் இருக்கிறது. பூவைப் பார்த்தால் பூதான். மகளைப் பார்த்தால், அழகாக இருக்கிறாள் என்ற தகவல்தான். ஆனாலும் குச்சி ஒடிந்தபோது ஏதோ ஒன்று அசைந்தது. அசைந்ததை அவர் பார்த்தார். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அவர் யாரிடமும் எப்போதும் சொன்னதில்லை.

"முடியாதும்மா" என்றார்.

மச்சானின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

மகள் குனிந்து பார்த்தாள். "என்னப்பா?"

"வர முடியாது. இங்கேயே இருக்கேன்."

"ஏம்ப்பா? அந்த வீடு பிடிக்கலையா?"

"அதெல்லாம் தெரியாது. பிடிக்குதா பிடிக்கலையான்னு இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. ஏன்னு கேக்காதே. ஆனா முடியாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உருட்டிய ரொட்டியை மேசைமேல் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, மிகவும் கவனமாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு பஸ்ல?"

மீட்டர்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மூடியைத் தூக்கி, குனிந்து, பார்த்துவிட்டு நிமிர்ந்த முகம் அது.

"தேனீ ஆயிரமெல்லாம் இல்ல மச்சான். ஏழெட்டு இருக்கும். மரம் சீட்டுல உட்காரல, வாளிலதான் நின்னுச்சு. செக்கர் குதிக்கல, வண்டி நின்ன அப்புறம் படியில கால் வெச்சுத்தான் இறங்கினார். அந்த இடத்துல குளமே கிடையாது" என்றார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "ஆனா அது நடந்தது. நான்தான் சொன்னேன்."